மூணாவது வரிசைக்குத் தெரியணும்

“அக்கா, குகேஷ் டிரெஸ் இருக்கா?”

2025 பொங்கலுக்கு முந்தின வாரம், யு.கே.ஜி. பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மா கேட்டார். அம்பத்தூர் ஓ.டி.யில் முப்பது வருஷமாக வாடகை டிரெஸ் கடை நடத்துகிறேன். கிருஷ்ணர் கேட்டால் 11 செட் இருக்கிறது. போலீஸ் 9, பாரதியார் 6, ஜான்சி ராணி 4, கத்தரிக்காய்கூட 3 இருக்கிறது. குகேஷ் இல்லை.

இத்தனைக்கும் அவர் எங்கள் பக்கத்துப் பிள்ளை. அவர் படித்த வேலம்மாள் பள்ளி மேல் அயனம்பாக்கத்தில் இருக்கிறது. கடையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். பிரக்ஞானந்தா பாடிக்காரர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரெனைத் தோற்கடித்து 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது எங்கள் தெருவில் சரம் வெடித்தார்கள். செஸ் விளையாடுவது ஒரு தொழில், அதில் சோறு கிடைக்கும், பேர் கிடைக்கும் என்று முதல் தடவையாக எங்கள் பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் ஒத்துக்கொண்ட வாரம் அது. சரி, அதற்கு என்ன துணி மாட்டுவது?

கறுப்புக் கோட் மாட்டினோம். “மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கு” என்றார் கூட வந்த பாட்டி. நெற்றியில் விபூதி வைத்து, ஐப்ரோ பென்சிலால் தாடி வரைந்தோம். கக்கத்தில் செஸ் போர்டு. பரவாயில்லை. மேடையில் என்ன செய்வான்? செஸ் ஆடுகிறவர் உட்கார்ந்து யோசிப்பார். ஒரு பிள்ளைக்கு மாறுவேடப் போட்டியில் கிடைப்பது இரண்டு நிமிஷம். அதில் ஒன்றரை நிமிஷம் யோசித்தால், பையன் வசனத்தை மறந்துவிட்டான் என்று டீச்சர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். கடைசியில் அந்த அம்மாவே வழி கண்டுபிடித்தார். ஜெயித்ததும் குகேஷ் அழுதாரே, கலைந்து கிடந்த காய்களை மறுபடி அதனதன் இடத்தில் அடுக்கினாரே, அதைச் செய்துவிடலாம் என்றார். “அழ வைக்கிறது ஒரு பிரச்சினையே இல்லக்கா. மேடை ஏறினாலே அழுவான்.”

எந்தக் காலம் எந்த வேலையைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது என்று பேராசிரியர்கள் புத்தகம் எழுதலாம். நான் டிரெஸ் தொங்கும் கொக்கியைப் பார்த்துச் சொல்வேன். எது அடிக்கடி காலியாக இருக்கிறதோ, அதுதான் அந்த வருஷத்து நாயகன்.

கடையைத் தொடங்கியவர் அப்பா. ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப். இருக்கிறதே, 1961-இல் வந்தது, அதில் தையல்காரர். 1994-இல் ரிட்டயர் ஆனதும் வீட்டு முன்னறையில் கடை போட்டார். “ஆடியில கடை தொறக்காதே” என்று எல்லோரும் தடுத்தார்கள். “ஆடி பார்த்தா ஆகஸ்ட் 15 போயிடும்” என்று திறந்துவிட்டார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. “டிரெஸ்ஸு மூணாவது வரிசைக்குத் தெரியணும்.” முதல் வரிசையில் தாளாளரும் நடுவர்களும். இரண்டாவது டீச்சர்கள். மூன்றாவதில்தான் அம்மா அப்பா உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்து ‘இது இன்னார்’ என்று தெரியாவிட்டால் அந்த வேஷம் தோற்றது.

ஒரு காக்கிச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 26. என்னிடம் இருப்பது ஒரே துணி, ஒரே தையல். இடுப்பில் பெல்ட், தோளில் நட்சத்திரம், தலையில் தொப்பி வைத்தால் போலீஸ். பெல்ட்டைக் கழற்றித் தோளில் பை மாட்டினால் தபால்காரர். பையைச் சின்னதாக்கி விரலிடுக்கில் டிக்கெட் கட்டைச் செருகினால் கண்டக்டர். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேல் பட்டன் இரண்டைத் திறந்துவிட்டால் ஆட்டோக்காரர். கடை திறந்து ஆறு மாசம்கூட ஆகாத நேரம், 1995 பொங்கலுக்கு ‘பாட்ஷா’ வந்தது. அந்த வருஷம் இரண்டு பட்டன் திறந்த காக்கிக்குத்தான் அடிதடி. போலீஸ் சட்டையை எடுத்துக்கொண்டு போய் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டுப் போட்டார்கள். நட்சத்திரம் திரும்பி வரவேயில்லை.

அப்பா சிரிப்பார். அவருடைய இளமையில் அந்த இடம் ரிக்‌ஷாக்காரருடையது. எம்.ஜி.ஆர். 1964-இல் படகோட்டி, 1967-இல் விவசாயி, 1970-இல் மாட்டுக்கார வேலன், 1971-இல் ரிக்‌ஷாக்காரன். அந்தக் கடைசிப் படத்துக்குத்தான் தேசிய விருது. ரஜினி 1985-இல் டாக்ஸி ஓட்டினார், 1992-இல் பால் ஊற்றினார், 1995-இல் ஆட்டோவும் குதிரை வண்டியும் ஓட்டினார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது என்ன? அத்தனை பேரும் தெருவில் நின்று வேலை செய்கிறவர்கள். முகம் பார்த்துப் பேச முடிகிறவர்கள். அவர்கள் கையில்தான் நம் பயணமும் பாலும் இருந்தன. தியேட்டரில் தரை டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றதும் அவர்கள்தான். பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் அந்த வேலை சீக்கிரம் உச்சிக்கு ஏறிவிடும்.

போலீஸ் தனி ரகம். ‘தங்கப்பதக்கம்’ வந்தது 1974, ‘மூன்று முகம்’ 1982, ‘சாமி’ 2003, ‘சிங்கம்’ 2010. போலீஸ் கொக்கி காலியாகாத வருஷமே எனக்கு நினைவில் இல்லை. ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயப்படுகிற ஜனம்தான் பிள்ளைக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட ஆசைப்படுகிறது. பயமும் ஒருவகை மரியாதைதானே.

இந்த முப்பது வருஷத்தில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. “பையனை என்னவா ஆக்கப் போறீங்க?” என்று கேட்டால் வரும் பதில் வேறு, “என்ன வேஷம் வேணும்?” என்று கேட்டால் வரும் பதில் வேறு. 2000-க்குப் பிறகு முகப்பேர், கொரட்டூர், அம்பத்தூர் எங்கும் வீட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் பிள்ளை. லோன் அடைந்தது அந்தச் சம்பளத்தில், கல்யாணம் நடந்தது அந்தச் சம்பளத்தில். ஆனால் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வேஷம் கேட்டு என் கடைக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. கழுத்தில் ஒரு அடையாள அட்டைப் பட்டை மாட்டினால் போதுமே என்று நானே ஒருத்தரிடம் சொல்லிப் பார்த்தேன். “அது தினம் வீட்டுல பாக்குறதுதானேக்கா” என்று போய்விட்டார். சினிமாவும் அப்படித்தான் நடத்தியது. 2007-இல் ‘கற்றது தமிழ்’ அந்தச் சம்பளத்தின் மேல் கோபப்பட்டது. மாநிலத்தில் 500-க்கு மேல் இன்ஜினீயரிங் கல்லூரிகள் இருந்த காலத்தில், 2014-இல், கொண்டாடப்பட்ட இன்ஜினீயர் யார்? வேலையில்லாதவர். ‘வேலையில்லா பட்டதாரி’யில் தனுஷ் ஓட்டிய மொபெட்டைக் கேட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், அட்டையில் செய்து கொடுத்தேன்.

விஞ்ஞானி வேஷம் ரொம்ப நாள் என் தலைவலி. வெள்ளைக் கோட் மாட்டினால் டாக்டர் என்பார்கள். கையில் சோதனைக் குழாய் கொடுத்தால் லேப் டெக்னீஷியன் என்பார்கள். அந்தத் தலைவலியைத் தீர்த்தவர் அப்துல் கலாம். அவருடைய முடி தீர்த்தது என்று சொல்வதுதான் சரி. நடு வகிடு எடுத்து இரண்டு பக்கமும் வழியும் வெள்ளி முடி. மூன்றாவது வரிசை என்ன, பள்ளிக்கூடக் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கே தெரியும். அவர் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது போனார். சுதந்திர தினத்துக்கு 19 நாள்தான் இருந்தது. பாரிமுனை முழுக்க அலைந்தும் டோப்பா கிடைக்கவில்லை. கடைசியில் பாட்டி வேஷத்து டோப்பாக்களின் கொண்டையைப் பிரித்து நானே 14 கலாம் செய்தேன்.

2014 செப்டம்பர் 24-இல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அன்று வந்த புகைப்படம் இன்னொரு வேஷத்தைக் கொடுத்தது. இஸ்ரோ பெண்கள், புடவையும் தலையில் பூவுமாக, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரிக்கும் படம். புடவை, மல்லிகைச் சரம், கழுத்தில் அட்டை, கையில் ஒரு ராக்கெட்: பெண் பிள்ளைகளுக்கு அருமையான செட். அந்தப் படத்தில் இருந்தவர்கள் நிர்வாக அலுவலகப் பெண்கள் என்று இஸ்ரோ பிற்பாடு சொன்னது. கட்டுப்பாட்டு அறைக்குள் இருந்த பெண் விஞ்ஞானிகள் வேறு. இருக்கட்டுமே. கணக்கு எழுதினவர்களும் சேர்ந்துதானே அதை அனுப்பினார்கள்?

படம்தான் முக்கியம். பாரதியார் சாப்பாட்டுக்குப் பார்த்த வேலை என்ன? 1904-இல் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் உதவி ஆசிரியர். உதவி ஆசிரியர் வேஷம் கொடுங்கள் என்று எந்தத் தாயாவது கேட்டிருக்கிறாளா? முண்டாசு, கறுப்புக் கோட், முறுக்கு மீசை, அதுதான் கவிஞர். தமிழில் இத்தனை கவிஞர்கள் இருந்தும் அவர் ஒருவருக்குத்தான் என்னிடம் கொக்கி இருக்கிறது. 2019-இல் பாகிஸ்தானிடம் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன் திரும்பி வந்தபோது கன்னம் வரை ஏறும் ஒட்டு மீசை ஒரு மாசத்தில் 40 போனது. விமானப்படைச் சட்டை கேட்டவர்கள் அதில் பாதிகூட இல்லை. 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்த பிறகு ராணுவப் பச்சைக்கு மறுபடி மவுசு. நாலு பச்சை இருந்தால் மூன்று வெளியில்தான்.

வந்த வேகத்தில் போன நாயகர்களும் உண்டு. 2020-இல் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கை தட்டினோம். துப்புரவுப் பணியாளர்கள் ‘தூய்மைப் பணியாளர்கள்’ ஆனதும் அந்த வருஷம்தான். காலில் விழுந்து மாலை போட்ட வீடியோக்கள் வந்தன. ஆன்லைன் மாறுவேடப் போட்டிகளுக்கு பி.பி.இ. கிட்டை வெட்டிச் சின்னதாகத் தைத்தேன், நன்றாகவே போனது. தூய்மைப் பணியாளர் வேஷம் ஒரே ஒருவர் கேட்டார். அவரும் ஒரு தூய்மைப் பணியாளர்தான். அடுத்த வருஷம் அவரே வந்தார். பெண்ணுக்கு டாக்டர் கேட்டார்.

விவசாயி நேர் எதிர். கடை திறந்த புதிதில் இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் நிலம் மிச்சமிருந்தது. அப்போது விவசாயி வேஷத்தை யாரும் சீண்டவில்லை. வயல் எல்லாம் மனையாகி, ஏரிக்கரை வரை கட்டடம் வந்தபிறகு, பச்சைத் துண்டும் தெர்மோகோல் ஏரும் வருஷம் தவறாமல் போகின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு கொம்பும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் கவ்பாய் கதையும் இதேதான் என்று என் மகன் சொல்கிறான். மந்தை மந்தையாக மாட்டை ஓட்டிக்கொண்டு போன அந்தத் தொழில் உச்சத்தில் இருந்தது சுமார் 20 வருஷம். ரயிலும் முள்கம்பியும் வந்து அதை முடித்துவிட்டன. அதற்கப்புறம்தான் சினிமா அவனைக் குதிரையில் ஏற்றி உலகம் முழுக்க அனுப்பியது. ஆள் போனபிறகு படத்துக்கு மாலை. நம் ஊரில் புதிதா என்ன?

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் பக்கம் எந்த வேலையால் ஊரானது? டி.ஐ. சைக்கிள் 1951-இல் அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கியது. டன்லப் வந்தது, பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் கம்பெனிகள் வந்தன, ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது 1964-இல் எஸ்டேட், அதாவது தொழிற்பேட்டை, தொடங்கியது. ஆவடி டாங்கி ஃபேக்டரியிலிருந்து முதல் விஜயந்தா உருண்டு வந்தது 1965-இல். அதற்கும் பத்து வருஷம் முன்பு, 1955 ஜனவரியில், ஆவடி காங்கிரஸ் மாநாட்டில்தான் நேருவை மேடையில் வைத்துக்கொண்டு சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். தொழிலாளியை நாயகனாக்கப் போவதாகச் சொன்ன மண் இது. என் கடையில் தொழிலாளிக்குக் கொக்கி இல்லாமல் இருந்தது.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் டர்னர். லேத்தில் நிற்கிறவர். வண்டிகளின் வயிற்றுக்குள் எங்கேயோ மறைந்து கிடக்கும் புஷ்களைக் கடைவார். ஒரு தலைமுடியில் பாதி கனம் கூடினால் ரிஜெக்ட். 2008-இல் எங்கள் பையன் யு.கே.ஜி. மாறுவேடப் போட்டிக்கு அப்பா மாதிரி போகிறேன் என்றான். ஆசையாகத் தைத்தேன். நீல நிறச் சட்டை, பேன்ட், நெஞ்சில் இரண்டு பாக்கெட், கண்ணாடி, அட்டையில் வெட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்த வெர்னியர் காலிபர். மூன்று வரி வசனம். மேடை ஏறினான். நடுவர் குனிந்து, “கண்ணா, நீங்க யாரு? கேஸ் அங்கிளா?” என்றார். “நான் டர்னர். எங்கப்பா மாதிரி” என்றான். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்தம்மா தோளைக் குலுக்கினார். முதல் பரிசு விண்வெளி வீரருக்குப் போனது. அதுவும் என் கடை டிரெஸ்தான், அலுமினியத் தாளை ராத்திரி ஒட்டியதும் நான்தான்.

சாயங்காலம் போட்டோவைப் பார்த்த வீட்டுக்காரர் பரிசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “டை கட்டியிருக்கான் பாரு. லேத்துல மாட்டினா கழுத்தை இழுத்துக்கிட்டுப் போயிடும்” என்றார். பள்ளிக்கூட டையைக் கழற்ற மறந்திருந்தேன். போட்டோவில் இருந்தது டர்னர் இல்லை என்று கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். காம்பவுண்டுச் சுவருக்குள் நடக்கும் வேலை தெருவுக்குத் தெரியாது, அது ஒரு காரணம். பெரிய காரணம் இன்னொன்று. டாங்கியை யார் செய்தது என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல முடியாது. சைக்கிளும் அப்படி. கூட்டமாகச் செய்யும் வேலைக்கு முகம் கிடையாது, நாயகன் என்றால் ஒரு முகம் வேண்டும். மெரினாவில் 1959-இல் ராய் சவுத்ரி செய்து வைத்த உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்புகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சிலையைத் தெரியாதவர் இல்லை, ஆனால் அந்த வேஷம் போட நாலு பிள்ளையும் ஒரு பாறையும் வேண்டும். மாறுவேடப் போட்டி ஒற்றை ஆள் போட்டி.

சோவியத் நாட்டில் ஒருமுறை கட்டாயமாக முகம் கொடுத்துப் பார்த்தார்கள். சோவியத் புத்தகங்களை விற்ற என்.சி.பி.எச். நிறுவனத்தின் புத்தகங்களை அப்பா விடாமல் வாங்குவார். அந்த நிறுவனம் இப்போது எங்கள் எஸ்டேட்டிலேயே இருக்கிறது. ஸ்டகானோவ் என்ற சுரங்கத் தொழிலாளியின் கதையை அவர் அடிக்கடி சொல்வார். 1935 ஆகஸ்டில் ஒரே ஷிஃப்டில் 102 டன் நிலக்கரி வெட்டி நாடு முழுக்கக் கொண்டாடப்பட்டவர். அப்பா சொல்லாமல் விட்டதைப் பிறகு படித்தேன். ஸ்டகானோவ் வெட்டிக்கொண்டே போனார். பின்னால் கூரைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தவர்கள் வேறு ஆட்கள். போஸ்டரில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது.

எஸ்டேட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் மரியாதை நடக்கும். ஆயுத பூஜை. லேத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். மாலை மெஷினுக்கு. நிற்கிற ஆளுக்குப் பொரி கடலைப் பொட்டலம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் அவரே போட்ட மாலையை போனில் காட்டுவார். அழகாகத்தான் இருக்கும்.

குகேஷ் வேஷம் போட்ட பையனுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. கடைசியில் அவன் அழவேயில்லையாம். காய்களை மட்டும் அடுக்கிக்கொண்டே இருந்தானாம், மணி அடித்த பிறகும். அந்த அம்மா கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது செஸ்ஸுக்கு ஒரு கொக்கி ஒதுக்கிவிட்டேன். விபூதி டப்பாவும் சேர்த்து 200 ரூபாய்.

அதற்குப் பக்கத்துக் கொக்கியில் என் மகன் போட்ட நீலச் சட்டை தொங்குகிறது. அளவு 24. காலிபருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறேன், நெஞ்சில் ‘டர்னர்’ என்று மூன்றாவது வரிசைக்குத் தெரிகிற அளவில் எழுத்துத் தைத்திருக்கிறேன். வாடகை கிடையாது, அட்வான்ஸும் வேண்டாம். ஆகஸ்ட் 15-க்கு முந்தின வாரம் கடையில் கூட்டமாக இருக்கும், அதற்கு முன்னால் வந்து கேளுங்கள். டை மட்டும் கட்டாதீர்கள்.